பள்ளியில் அமைதி, வீட்டில் கொந்தளிப்பு: பிள்ளையை அழுத்துவது எது என்று எப்படிக் கண்டறிவது?

கேள்வி: கரூரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனுடைய நடத்தையில், இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து ஏற்பட்டுள்ள மாற்றத்தை எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆசிரியர்களும் குழந்தை மருத்துவம் அறிந்தவர்களும் இங்கே இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்புவரை அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த சிறிய தமிழ்வழிப் பள்ளியில் படித்தான். என் கணவரின் வேலை கரூருக்கு மாறியதால், இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் பெரிய பள்ளி ஒன்றில் சேர்த்திருக்கிறோம். பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இந்தியும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுப்பினால்தான் ஏழு மணி வேனைப் பிடிக்க முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறான். அதன்பின் இந்தி டியூஷன், வீட்டுப்பாடம் என்று எல்லாம் முடிந்து படுக்கும்போது பத்து மணியைத் தாண்டிவிடுகிறது.

வகுப்பாசிரியையிடம் கேட்டால், மிகவும் அமைதியான பையன் என்றும், எழுதுவதில்தான் கொஞ்சம் மெதுவாக இருக்கிறான், சில நேரங்களில் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்றும் சொல்கிறார். வீட்டிலோ அவன் வேறொரு பிள்ளையாக இருக்கிறான். உள்ளே நுழைந்தவுடன் பையை வீசுகிறான்; அழிரப்பரைக் காணவில்லை என்பதற்காக அரைமணி நேரம் அழுகிறான்; ஐந்து வயதுத் தங்கை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாலே அடிக்கிறான். மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் தொப்புளைச் சுற்றி வயிறு வலிக்கிறது என்கிறான். திங்கட்கிழமை விடுமுறை என்றால் அந்த வலி வருவதில்லை.

செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். பள்ளியில் அடங்கி இருக்கத் தெரிந்தவனுக்கு வீட்டில் மட்டும் ஏன் முடியவில்லை, வேண்டுமென்றேதான் செய்கிறான் என்பது என் கணவரின் எண்ணம். வயிற்றுவலியும் நடிப்பு என்றே அவர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் கோபத்துக்குப் பின்னால் அவனுக்கே தெரியாத நெருக்கடி இருக்கிறதா, வெறும் பிடிவாதமா என்பதை எப்படிப் பிரித்தறிவது? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது: அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்பது. பல ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு குழந்தை அப்படிச் செய்தால் நான் முதலில் ஐயப்படுவது அவன் நேர்மையை அல்ல. கரும்பலகை அவனுக்குத் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். ஆசிரியர் சொல்வது காதில் சரியாக விழாமல் இருக்கலாம். விழுந்தாலும் அந்த மொழி இன்னும் அவனுக்கு வசப்படாமல் இருக்கலாம். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும், அவன் காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு பாடவேளையிலும் மற்றவர்கள் எளிதாகச் செய்வதைத் தனியொரு முயற்சியாகச் செய்துகொண்டிருக்கிறான் என்று பொருள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தனக்குப் பார்வை குறைவு என்று தெரியாது. எல்லோருக்கும் பலகை இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். அதனால்தான் அது நம்மிடம் வந்து சொல்வதில்லை.

பள்ளியில் அமைதியாக இருக்கிறான் என்பதை, அங்கே அவனுக்குக் குறையொன்றும் இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எங்கள் கண் குறும்பு செய்கிறவர்கள்மேல்தான் போகிறது. வாய் திறக்காமல் இருப்பவனை நல்ல பிள்ளை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். புதிய இடம், புதிய மொழி, தெரியாத முகங்கள் என்றிருக்கும்போது தப்பு நேர்ந்துவிடக் கூடாதே என்று அடங்கி இருப்பதற்கே ஒரு குழந்தைக்குப் பெரும் உழைப்பு தேவைப்படுகிறது. முன்பெல்லாம் சாலையோரங்களில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். பிள்ளைக்கு அந்த இடம் வீடுதான், அதிலும் பெரும்பாலும் தாய்தான். உங்களிடம் மட்டும் கத்துகிறான் என்றால், நீங்கள் தன்னைக் கைவிட மாட்டீர்கள் என்ற உறுதி அவனுக்கு இருக்கிறது என்றும் அதற்குப் பொருள் உண்டு.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவன் கொண்டுபோகும் தண்ணீர்ப் புட்டி மாலையில் எவ்வளவு காலியாகி வருகிறது? கழிப்பறை சுத்தமாக இல்லை, தாழ்ப்பாள் இல்லை, பெரிய வகுப்புப் பையன்கள் அங்கே நிற்கிறார்கள் என்பன போன்ற காரணங்களால், போகவே வேண்டாம் என்று தண்ணீரைத் தொடாத பிள்ளைகள் ஏராளம். எந்தப் பெற்றோரிடமும் அவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை; வெட்கம். கடைசிப் பாடவேளையில் தலைவலி, எரிச்சல், நாளடைவில் மலச்சிக்கல், வயிற்றுவலி என்று அது வேறு வடிவங்களில் வெளிப்படும். கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனியாக மணி அடிக்கும் வழக்கம் தொடங்கப்பட்டதன் பின்னணியில் இந்தக் கவலைதான் இருந்தது.

சத்தத்தையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. பாடம் நடக்கும் அறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சாதாரணப் பேச்சே ஏறத்தாழ 60 டெசிபல் என்னும்போது, சாலையைப் பார்த்த சன்னலும் தடதடக்கும் மின்விசிறியும் பக்கத்து வகுப்பின் ஒப்புவித்தலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பழகிய மொழியில் பாதி வார்த்தை காதில் விழாவிட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். புதிய மொழியில் அது முடியாது.

ஒரு சிறிய நோட்டை எடுத்து இரண்டு வாரங்களுக்கு, அவன் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் நேரம், அன்று சாப்பிட்டது, முந்தைய இரவின் தூக்கம், அன்றைய பாடவேளைகள் ஆகியவற்றை மட்டும் குறித்து வாருங்கள். அவன் செய்த தவறுகளின் பட்டியலாக அது ஆகிவிட வேண்டாம். அவனை விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாத பல செய்திகள் அந்தக் குறிப்பிலிருந்து தெரியவரும்.

பதில் 2: குழந்தை மருத்துவர், மதுரை

ஆசிரியை எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் விளக்க முயல்கிறேன். உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்ல அது உதவக்கூடும்.

நெருக்கடி என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. பசி, தூக்கக் குறைவு, இரைச்சல், அவமானம், தேர்வு என்று எதுவாக இருந்தாலும், அது தாங்கும் அளவை மீறும்போது மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் விரைவாகத் துடிக்கிறது. அதைத் தொடர்ந்து மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்ற வரிசையில் கட்டளை இறங்கிக் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தேவையான தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. அதே வேளையில், நிதானிக்கவும் பொறுத்திருக்கவும் விளைவை எண்ணிப் பார்க்கவும் உதவுகின்ற, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதியின் செயல்பாடு குறைகிறது. அந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைவதற்கே இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அழிரப்பருக்காக அரைமணி நேரம் அழுகிறவனிடம், 'இதற்கெல்லாம் அழலாமா?' என்று கேட்பது, அந்த நேரத்தில் வேலை செய்யாத ஒரு பகுதியிடம் கேட்கும் கேள்வி.

இனி வயிற்றுவலி. இதை நடிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருப்பதை 1958இல் வெளியிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உறுப்புக் கோளாறு எதுவும் இல்லை. ஆனாலும் வலி உண்மையானது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்திப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால், பதற்றத்தைக் குடல் வலியாகவே உணர்கிறது. வலி தொப்புளைச் சுற்றி இருப்பதும் விடுமுறையில் மறைவதும் இந்த வகையையே காட்டுகின்றன. எனினும் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, காய்ச்சல், தொப்புளை விட்டு விலகி ஒரே பக்கத்தில் நிற்கும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

நீங்கள் எழுதிய நேரங்களைக் கூட்டிப் பார்த்தால், அவன் இரவில் ஏழரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தூங்குகிறான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்காருவார். தூக்கம் குறைந்த குழந்தையோ பெரும்பாலும் துள்ளும், எரிந்து விழும், கவனம் சிதறும். பார்ப்பவர்களுக்கு அது கொழுப்பாகவோ சேட்டையாகவோ தோன்றும். வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் இந்த ஒன்றைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். என்னிடம் கேட்டால், இந்தி டியூஷனைச் சில மாதங்கள் தள்ளிவைத்துவிட்டு அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுக்கச் சொல்வேன்.

மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறதா? வாயைத் திறந்தபடி தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருந்தால் இரவில் மூச்சு தடைபட்டு, பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் நிறைவடையாது. அதே காரணத்தால் நடுக்காதில் நீர் கோத்து, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறைவதும் உண்டு. ஒருநாள் நன்றாகக் கேட்கும், இன்னொரு நாள் கேட்காது. அதனால்தான் வீட்டார் அதை அலட்சியம் என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் அது தானாகவே வடிந்துவிடும். வடியாவிட்டால் சிகிச்சை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமெட்ரியும், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் வலியில்லாத பரிசோதனைகள்.

இவற்றோடு பார்வைப் பரிசோதனையும் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையும் போதும், மற்றவை பிறகு. இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு பிள்ளைகளைச் சிடுசிடுப்பாகவும் கவனமற்றவர்களாகவும் ஆக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செலவைப் பற்றிய கவலை இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் டிஇஐசி என்னும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பிள்ளைகளின் கேட்டல், பார்வை, கற்றல் ஆகிய அனைத்தையும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

யாராவது உங்களிடம் இவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட குறைபாடு இருக்கலாம் என்று சொன்னால் பதற வேண்டாம். அதன் அறிகுறிகள் வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். புதிய பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் மட்டும் வெளிப்படும் மாற்றம் அதற்குப் பொருந்தி வரவில்லை.

பதில் 3: இரு பிள்ளைகளின் தந்தை, ஆவடி

அனைவரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சகோதரியின் கணவர் இடத்தில் நின்று ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். நாங்களும் நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனவர்கள்தாம். வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள்தாம். ஆங்கிலம் புரியாமல் கல்லூரியில் விழித்து, பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவர்கள்தாம். அன்றைக்கு எங்களுடைய நெருக்கடியை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வளர்ந்தோம், குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம்.

பிள்ளை தங்கையை அடிக்கிறான் என்றால், அதற்குத் தூக்கம் போதவில்லை, சத்தம் அதிகம் என்று நாமே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தால், நாளைக்கு அவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்கப் பழகுவானா? எல்லா அழுத்தத்தையும் நீக்கிவிட்டால், உலகத்தை எதிர்கொள்ளும் உரம் எங்கிருந்து வரும்? இதை எதிர்வாதமாகச் சொல்லவில்லை. என் மூத்த மகளும் இப்போது ஏழாம் வகுப்பில் பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதால், எனக்கே விடை வேண்டியிருக்கிறது.

பதில் 4: சிறப்புக் கல்வியாளர், சென்னை

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. இதைக் கேட்காமல் இந்தப் பேச்சு முழுமையடையாது.

எல்லா அழுத்தமும் தீங்கானதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் அதை மூன்றாகப் பிரிக்கிறது: வளர்ச்சிக்கு உதவும் அழுத்தம், தாங்கிக்கொள்ளக்கூடிய அழுத்தம், நச்சாக மாறும் அழுத்தம். இவற்றைப் பிரிப்பது துன்பத்தின் அளவு மட்டுமன்று. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் நம்பத் தகுந்த பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் நான்கு கிலோமீட்டர் நடந்தீர்கள். கூடவே தெருப் பிள்ளைகளும் நடந்திருப்பார்கள், மாலையில் விளையாட வெளி இருந்திருக்கும், இருட்டியதும் தூங்கியிருப்பீர்கள். உங்களுக்கு உரம் தந்தவற்றில் இவையும் அடங்கும். அதே வாத்தியாரிடம் அடி வாங்கிப் பள்ளியை விட்டே நின்றுபோனவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள இங்கே இல்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்தது அவர்களுக்காகவும்தான்.

கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் கற்பித்த ஸ்டூவர்ட் ஷேங்கர் இந்தத் துறையில் ஒரு பயனுள்ள வேறுபாட்டை முன்வைத்தார். ஒன்று, வேறு விதமாக நடந்துகொள்ள முடிந்தும் தெரிந்தே செய்யும் தவறு. மற்றொன்று, நெருக்கடி மிகுந்து, அந்தக் கணத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளும் திறனே இல்லாமல் வெளிப்படும் நடத்தை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேண்டுமென்றே செய்கிறவன் பெரியவர்கள் வருகிறார்களா என்று கண்ணை ஓட்டுவான், கேட்டால் காரணம் சொல்வான், பிடிபட்டால் நிறுத்துவான். நெருக்கடியில் இருப்பவன் தனக்கே நட்டமாகும் என்று தெரிந்தும் நிறுத்த மாட்டான். பிறகு கேட்டால், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை என்பான். அதைப் பொய் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மை. முதல் வகைக்குக் கண்டிப்பு பயன்படும். இரண்டாவதற்கு அதே கண்டிப்பு இன்னொரு சுமையாகத்தான் சேரும்.

இதனால் தங்கையை அடிப்பதை அனுமதிக்க வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். அடிக்கும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், தங்கையை விலக்கிவைக்க வேண்டும், 'அடிக்க விடமாட்டேன்' என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். அறிவுரையும் விசாரணையும் அப்போது வேண்டாம். சாப்பிட்டு, உடல் தணிந்து, அவன் கண் உங்கள் கண்ணைப் பார்க்கும் நிலைக்கு வந்த பிறகு, தங்கையிடம் எப்படி ஈடுசெய்யப் போகிறாய் என்று கேளுங்கள். பொறுப்பேற்க அவன் அப்போதுதான் கற்றுக்கொள்ள முடியும்.

கரூர்ச் சகோதரிக்கு ஒன்று. அவன் எழுதுவதில் மெதுவாக இருப்பதைக் கற்றல் குறைபாடு என்று யாரும் இப்போதே முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படிக் குறைபாடு இருந்தால் அது தாய்மொழியிலும் தெரியும். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், ஐந்து வரி சொல்வதெழுதுதல் கொடுங்கள். தமிழில் சரளமாக வாசித்து, ஓரளவு பிழையின்றி எழுதினால், அவனுடைய திண்டாட்டம் மொழி மாறியதால் வந்தது. காலமும் உதவியும் கிடைத்தால் தேறிவிடுவான். தமிழிலும் எழுத்துகளை விட்டுவிட்டு, வரியைத் தவறவிட்டு வாசித்தால் முறையான மதிப்பீடு தேவை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இந்தப் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருப்பதால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைச் சான்றிதழோடு கேட்டுப் பெறலாம்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தையின் நடத்தை திடீரென்று மாறும்போது, வேனிலோ கழிப்பறையிலோ டியூஷனிலோ யாரேனும் அவனை மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்பதையும் நாம் அமைதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரடியாகக் கேட்டால் மறைப்பார்கள். வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறாய், எந்த இருக்கை உனக்குப் பிடிக்காது என்று சாதாரணப் பேச்சில் கேளுங்கள். ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு அரசின் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம், தாய்மார்கள் தங்களுக்காகவும் அழைக்கலாம்.

ஐயா, உங்கள் மகளைப் பற்றி: கத்துகிற பையனைவிடப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பெண் பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன், ஏனெனில் அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. அவள் விட்டுவிட்ட விருப்பங்கள் என்னென்ன, சாப்பாடும் தூக்கமும் எப்படி மாறியிருக்கின்றன, எந்தத் தோழியின் பெயர் இப்போது பேச்சில் வருவதில்லை என்று பாருங்கள். கேள்வி கேட்காமல் அவளோடு வண்டியில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்; முகம் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேசுவது எளிதாக இருக்கும்.

பதில் 5: கரூரிலிருந்து ஒரு தாய்

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இரண்டு வாரம் குறித்து வைத்ததில், செவ்வாயும் வியாழனும்தான் அவன் அதிகம் வெடிக்கும் நாள்கள் என்று தெரிந்தது. அந்த இரண்டு நாள்களிலும் மதியத்துக்குப் பிறகு, எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டிய பாடவேளை வருகிறது. தண்ணீர்ப் புட்டி பெரும்பாலும் முக்கால்வாசி நிறைந்தே திரும்புகிறது. கழிப்பறையைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டபோது, கேட்டால் மிஸ் இடைவேளையில் போகச் சொல்வார், இடைவேளையில் போனால் அங்கே அண்ணன்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்று மெல்லச் சொன்னான். இவ்வளவு நாளும் அதைச் சொல்லாமல் எப்படித் தாங்கினான் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

தமிழ்ப் புத்தகத்தை நன்றாகவே வாசிக்கிறான். கண்ணில் குறை இல்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குவது உண்மைதான்; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறோம். இந்தி டியூஷனை நிறுத்தியதில் என் மாமியாருக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ஒன்பது மணிக்கு முன்பே அவனைப் படுக்கவைக்க முடிகிறது. கோபம் நின்றுவிடவில்லை, அழுகை மட்டும் கொஞ்சம் விரைவில் அடங்குகிறது. என் கணவரிடம் மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை என்றாலும், இப்போது மாலையில் வேன் நிற்கும் இடத்துக்கு அவரே போய் அவனை அழைத்து வருகிறார்.

இனிப் பள்ளியில் எப்படிப் பேசுவது என்பதுதான் என் தயக்கம். குறை சொல்ல வந்தவளாக என்னைப் பார்த்துவிட்டால், அது அவன்மேல்தான் விழும் என்று அஞ்சுகிறேன்.

பதில் 6: அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆசிரியர்களாகிய நாங்களும் எளிதில் தற்காப்புக்குப் போய்விடுகிறவர்கள்தாம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் நடுவிலும் இதைப் பேச வேண்டாம். டைரியில், பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும், உங்களுக்கு எந்த நேரம் வசதி என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். போகும்போது, அவனைப் பற்றி அவர் கவனித்தவற்றை முதலில் கேளுங்கள். பிறகு நீங்கள் குறித்து வைத்த நோட்டைக் காட்டுங்கள். எது சரி, எது தவறு என்ற பேச்சாக இல்லாமல், இந்தக் குறிப்பில் உங்களுக்கு என்ன தெரிகிறது மிஸ் என்று கேட்டால், பெரும்பாலான ஆசிரியைகள் தாங்களாகவே வழி சொல்லத் தொடங்குவார்கள்.

கோரிக்கைகளைக் குறைவாகவும் திட்டவட்டமாகவும் வையுங்கள். காதுப் பரிசோதனை முடியும்வரை முன்வரிசையில், மின்விசிறிக்கும் சன்னலுக்கும் விலகிய இடம். பாடவேளையின் நடுவே கழிப்பறைக்குப் போக, கையை உயர்த்திக் கேட்காமல் ஒரு சைகை. வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே குறித்துக் கொடுத்துவிட்டால் வீட்டில் பழகிக்கொண்டு வருவான். சில வாரங்கள் அவரிடம் மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு வகுப்பில் வாசிக்கட்டும். இவற்றுக்குச் செலவில்லை, தலைமையாசிரியரின் அனுமதியும் தேவையில்லை.

கதவைத் தட்டும் பையன்களைப் பற்றிய செய்தி மட்டும் வேறு. அதை வகுப்பாசிரியையோடு விட்டுவிடாமல் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் மகனின் பெயரைக் குறிப்பிடாமல், இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஆசிரியர் ஒருவர் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கே போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளை அந்தப் பள்ளியில் அவன் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டான்.